பெட்டியில் அச்சிடப்படாத ஒரு வரி

“விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றுக்கும் பொருந்தும்.”

கொழும்பு பம்பலப்பிட்டியிலிருந்து கண்டி, மாத்தளை, கலேவெல வரை கணினிக் கடைகளின் கண்ணாடி அலுமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கும் டொக்கிங் ஸ்டேஷன் பெட்டிகளின் பின்புறத்தில் இந்த வாசகத்தைக் காணலாம். இதில் எழுத்துப் பிழை இல்லை. முழுப் பொய் என்று நிரூபிக்கவும் முடியாது. ஆனால் லினக்ஸ் இயங்கும் மடிக்கணினியைப் பெரிய திரையோடு இணைத்து, தாமதமில்லாமல் கேம் விளையாடலாம் என்று நம்பிக் காசைக் கொட்டுகிற ஓர் இளைஞனுக்கு, இந்த வாசகம் அவன் கேட்க வேண்டிய ஒரேயொரு கேள்வியை அவனிடமிருந்து மறைத்துவிடுகிறது. கேள்வி இதுதான்: திரைக்குப் போகும் படம் எந்த வழியாகப் போகிறது?

அந்த விடையை அச்சிடாத பெட்டியை விற்கக் கூடாது என்பது என் கட்சி. கேம் விளையாட்டுக்கெல்லாம் ஒரு பத்திரிகைக்காரன் வரிந்து கட்டிக்கொண்டு எழுத வேண்டுமா என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். இது விளையாட்டைப் பற்றிய விடயம் மட்டுமன்று, காசைப் பற்றியதும்தான்.

டொக் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். மடிக்கணினியில் ஒரே ஒரு வயரைச் செருகினால் பெரிய திரை, விசைப்பலகை, மவுஸ், இணைய வயர், சில வேளைகளில் மின்சாரம் என்று எல்லாமே அந்த ஒன்றின் வழியாக வந்து சேரும்படி செய்யும் சிறிய பெட்டி அது. பகலில் அக்கா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறாள். இரவில் தம்பி அதையே மேசையில் வைத்து விளையாடுகிறான். வீட்டுக்கு ஒரு கணினி என்பதே பெரிய காரியமாக இருக்கும் நம் ஊர்களில், இப்படி ஒரு பெட்டிக்கு ஆசைப்படுவதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

விலையைப் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் 360 வரை போனது. 2024, 2025 ஆம் ஆண்டுகளிலும் 300-ஐ ஒட்டியே நின்றது. வெளியில் நூறு டொலருக்கு விற்கும் ஒரு டொக், 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியைச் சேர்க்காமலே 30,000 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் வந்தது. ஆக, அந்தச் சம்பளக் கணக்கில் அந்தச் சிறிய பெட்டி இருபத்திரண்டு நாட் கொழுந்துக்குச் சமமாக இருந்தது. அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் வாசகர், பொருந்தாவிட்டால் முப்பது நாட்களுக்குள் திருப்பி அனுப்பிவிடுவார். இங்கே பற்றுச்சீட்டின் அடியிலேயே “விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது” என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

நான் இருக்கும் வஹகோட்டை, போர்த்துக்கேயர் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் ஊர் என்றும், புனித அந்தோனியார் திருத்தலத்துக்காகவும் பெயர் பெற்றது. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று அவரிடம் வேண்டிக்கொள்ள நாட்டின் நான்கு பக்கங்களிலிருந்தும் சிங்களவரும் தமிழரும் வருகிறார்கள். கணினிக் கடையில் தொலைத்த பணத்தையும் அவர் மீட்டுத் தருவாரோ என்று நான் பகிடியாகக் கேட்பதுண்டு. அயல்வீட்டுப் பையன் ஒருவன் அந்த நிலைமைக்குத்தான் வந்து சேர்ந்தான். “லினக்ஸிலும் வேலை செய்யும் தம்பி, பயப்படாம கொண்டு போங்க” என்று ஒரு கடையில் சொல்லி அனுப்பினார்களாம். படம் வந்தது. ஆனால் மவுஸை அசைத்த பிறகுதான் திரையில் துப்பாக்கி திரும்பியது. ஒரு வாரத்தில் உபுண்டு தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. மறுநாட் காலை திரையில் எதுவுமே இல்லை. “மாமா, என்ட கணினிதான் பழசோ?” என்று என்னிடம் கேட்டான். பொருளைக் குறை சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவனுக்கு ஏன் திடீரென்று லினக்ஸ் வந்தது? 2025 ஒக்டோபர் 14 அன்று மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டீ.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய மடிக்கணினிகளுள் மிகப் பெரும்பாலானவை வாசலிலேயே தடுக்கப்பட்டுவிட்டன. வேலை செய்கிற கணினியை எறிய மனமில்லாதவர்கள் லினக்ஸ் பக்கம் திரும்புவது இயல்பே. முன்னர் போல் “லினக்ஸில் கேம் ஓடாது” என்றும் சொல்ல முடியாது. வால்வ் நிறுவனம் 2018 ஓகஸ்ட்டில் புரோட்டோனை வெளியிட்ட பின்னர் விண்டோஸுக்காக எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான கேம்கள் லினக்ஸில் ஓடத் தொடங்கின. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி ஓடுவதே லினக்ஸில்தான். டிஸ்கி எழுத்துருவைத் திரையில் வரவழைக்கவே இரண்டு மூன்று இரவுகள் விழித்திருந்த எங்கள் தலைமுறைக்கு இது கனவு போன்றது.

சரி, படம் போகும் வழிக்கு வருவோம். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது நேர்வழி. மடிக்கணினியின் வரைகலைச் சில்லு உருவாக்கும் படம், யூ.எஸ்.பி. சி வயருக்குள் இருக்கும் கம்பிச் சோடிகள் வழியாக டிஸ்பிளேபோர்ட் சமிக்ஞையாகவே டொக்குக்குப் போகிறது. 2014-இல் அறிவிக்கப்பட்ட இந்த முறைக்கு ‘ஆல்ட் மோட்’ என்று பெயர். டொக் இங்கே வெறும் வழிப்போக்கர் மடம். வந்த சமிக்ஞையை அப்படியே திரைக்கு அனுப்பிவைக்கிறது. தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். லினக்ஸைப் பொறுத்தவரை திரை நேரடியாக மாட்டியது போலத்தான்.

இரண்டாவது தண்டர்போல்ட், அதன் உறவினரான யூ.எஸ்.பி. 4. 2015-இல் வந்த தண்டர்போல்ட் 3 செக்கனுக்கு 40 ஜிகாபிட் வரை ஏற்றிச் செல்லும். இதுவும் வரைகலைச் சில்லின் படத்தையே சுரங்கப் பாதைக்குள் கொண்டு போவதால் கேமுக்குத் தாமதம் என்று சொல்லத்தக்கது எதுவும் சேராது. பாதுகாப்புக் கருதி, முதன்முறை மாட்டும்போது “இந்தக் கருவியை நம்பலாமா?” என்று அனுமதி கேட்கும் கணினிகள் உண்டு. லினக்ஸ் 2017-இலேயே கேர்னல் மட்டத்தில் இதற்கு வழி செய்துவிட்டது. ‘போல்ட்’ என்ற சிறு நிரல் அந்த அனுமதியைப் பார்த்துக்கொள்கிறது. குறை விலை மட்டும்தான்.

மூன்றாவது சுற்றுவழி. டிஸ்பிளேலிங்க் என்ற தொழில்நுட்பம் இவ்வகையில் பெயர் பெற்றது. கேம்பிரிட்ஜில் பிறந்து, 2020-இல் சினாப்டிக்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. இதில் யூ.எஸ்.பி. வழியே போவது படச் சமிக்ஞை அன்று, பொதி செய்யப்பட்ட தரவு. வரைகலைச் சில்லு வரைந்த படத்தை மீண்டும் நினைவகத்திலிருந்து எடுத்து, கணினியின் செயலியே அதை அமுக்கிச் சுருக்கி, ஒரு கோப்பை அனுப்புவது போல அனுப்புகிறது. டொக்கினுள் இருக்கும் சில்லு அதை விரித்துத் திரைக்குக் காட்டுகிறது.

ஏன் இந்தச் சுற்று என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட சாதாரணத் திரைக்கு செக்கனுக்கு 60 படங்கள், புள்ளிக்கு 24 பிட் என்று பெருக்கினால் ஏறத்தாழ 3 ஜிகாபிட் வரும். 144 படங்கள் என்றால் 7 ஜிகாபிட்டுக்கு மேல். 4கே திரையில் 60 படங்கள் என்றால் ஏறத்தாழ 12 ஜிகாபிட். சாதாரண யூ.எஸ்.பி. 3 வழியின் கொள்ளளவோ 5 ஜிகாபிட். பன்னிரண்டு மூட்டையை ஐந்து மூட்டை லொறியில் ஏற்ற வேண்டுமானால் மிதித்துத்தான் ஏற்ற வேண்டும். ஆவணம் தட்டச்சு செய்யும்போது திரையில் மாறுவது நாலைந்து எழுத்துகள், அமுக்குவது சுலபம். கேமிலோ ஒவ்வொரு கணமும் முழுத் திரையும் மாறுகிறது. மிதிக்கிற வேலை அதிகரிக்கிறது. மிதிப்பவர், கேமை ஓட்டிக்கொண்டிருக்கும் அதே செயலி. 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லி செக்கன். அமுக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் ஒரு படம் பின்தங்கினாலே கையும் கண்ணும் ஒன்றையொன்று தவறவிடுகின்றன. அந்தப் பையனின் துப்பாக்கிக்கு நேர்ந்தது போன்ற கோளாறு இப்படித்தான் பிறக்கிறது.

லினக்ஸில் இதற்கு மேலும் ஒரு சிக்கல். இந்தச் சுற்றுவழி இயங்க, மூலநிரல் திறக்கப்படாத ஒரு மென்பொருளையும், ‘ஈவிடிஐ’ என்ற கேர்னல் துணுக்கையும் நிறுவ வேண்டும். அந்தத் துணுக்கு லினக்ஸ் கேர்னலின் உள்ளே சேர்க்கப்பட்டதன்று, வெளியே நிற்கிறது. கேர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதை மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும். தானாகவே நடக்க ஏற்பாடு உண்டு. ஆனால் துணுக்கின் பதிப்பு புதிய கேர்னலுக்கு ஈடுகொடுக்காவிட்டாலோ, செக்யூர் பூட் கையொப்பம் கேட்டு நின்றுவிட்டாலோ திரை கறுத்துவிடும். “லினக்ஸுக்குப் பொருந்தும்” என்ற வாசகம் இதையும் பொருந்துவதாகவே கணக்கிடுகிறது. சட்டப்படி அது சரி. மிளகு மூட்டையில் பப்பாளி விதையைக் கலந்துவிட்டு “கறுப்பாக, உருண்டையாக இருக்கிறதே” என்று வாதாடுவதும் ஒருவகையில் சரிதான். மாத்தளை மிளகு வியாபாரியிடம் அப்படி வாதாடிப் பாருங்கள். மூட்டைக்குள் கையை விட்டு, ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்த பிறகுதான் அவர் விலையே பேசுவார். அதே மனிதர் பிள்ளைக்கு டொக் வாங்கப் போனால் மட்டும், ஒட்டிய பெட்டியைத் திறக்காமல் காசைக் கொடுத்துவிட வேண்டுமாம்.

டிஸ்பிளேலிங்க் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. படம் அனுப்ப வல்ல யூ.எஸ்.பி. சி வாயில் இல்லாத கணினியிலும் இரண்டு மூன்று திரைகளை மாட்டித் தருவது அதன் பலம். கணக்காளருக்கும் வங்கி எழுதுவினைஞருக்கும் போதுமானது. ஆனால் கணக்காளருக்கான பொருளை விளையாடுகிறவனுக்கு விற்கும்போது, அது எவ்வகை என்று சொல்வதற்கு என்ன தடை? தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாத சங்கதியுமன்று. டெல் நிறுவனத்தின் டி6000 டிஸ்பிளேலிங்க் வகை. அதே நிறுவனத்தின் டபிள்யூடி19 நேர்வழி வகை. இரண்டும் அலுவலகங்களில் பாவித்துக் கழிக்கப்பட்டு, பழைய சாமான் சந்தைக்கு வரக்கூடியவை. பார்வைக்கு இரண்டும் கறுப்புப் பெட்டிகள்தான்.

நேர்வழி டொக்கிலும் ஒரு கண்கட்டு உண்டு. முகப்பில் “4கே” என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அடியில், கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய எழுத்தில் “30 ஹேர்ட்ஸ்” என்று இருக்கும். யூ.எஸ்.பி. சி வயருக்குள் இருக்கும் நான்கு அதிவேகச் சோடிகளில் இரண்டை வேகமான யூ.எஸ்.பி. தரவுக்கு ஒதுக்கிவிட்டால் படத்துக்கு மிஞ்சுவது இரண்டே சோடி. டிஸ்பிளேபோர்ட் 1.2 தரத்தில் அவை தருவது 8.64 ஜிகாபிட், 4கே திரைக்கு 60 படங்கள் போக அது போதாது, 30 தான் போகும். படத்துக்குப் படம் 33 மில்லி செக்கன். திரைப்படம் பார்க்கலாம், பந்தயக் கார் ஓட்டினால் மதிலில்தான் மோதுவோம். 1.4 தரத்தை ஆதரிக்கும் கணினியும் டொக்கும் சேர்ந்தால் இந்த இக்கட்டு பெரிதும் தீர்கிறது. சாதாரண 1080 திரையே வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை தேவையில்லை.

திரையின் பக்கத்துக்கு டிஸ்பிளேபோர்ட் வாயில் உள்ள டொக்கையே தேடுங்கள். எச்.டி.எம்.ஐ. 2.1 தரத்தைத் தன் திறமூல லினக்ஸ் இயக்கியில் சேர்க்க ஏ.எம்.டி. நிறுவனம் முயன்றபோது, எச்.டி.எம்.ஐ. மன்றம் 2024 பெப்ரவரியில் அதை நிராகரித்தது. காசு கொடுத்து வாங்கிய வன்பொருளில் இருக்கும் வசதியைத் திறமூல மென்பொருளில் எழுதக் கூடாது என்று ஒரு வணிகச் சங்கம் கதவைச் சாத்துகிறது. இதைப் பற்றி நம் பத்திரிகைகளில் எத்தனை பேர் எழுதினோம்?

மின்சாரத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் “லாக்” என்று பையன்கள் அழைப்பதில் ஒரு பகுதி இதனால்தான் வருகிறது. “100 வாட்” என்று அச்சிட்ட டொக்குகளுள் பல தம் பங்குக்கு எடுத்துக்கொண்டு 85 வாட்டையோ அதிலும் குறைவாகவோ கணினிக்குக் கொடுக்கின்றன. தனி வரைகலை அட்டை உள்ள கேமிங் மடிக்கணினிக்கு 150 வாட் தொடங்கி 240 வாட் வரை தரும் சார்ஜரைக் கூடவே தந்திருப்பார்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டு “ஒரே வயர்” என்ற ஆசையில் டொக் மின்சாரத்தில் ஓட்டினால், கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் திக்கும். பழி லினக்ஸின் தலையில் விழும். சொந்தச் சார்ஜரை மாட்டியே விளையாட வேண்டும். ஒரு வயர் கூடினால் என்ன? (ஏப்ரல், ஒக்டோபர் இடிமழைக் காலங்களில் தொலைக்காட்சி வயரைக் கழற்றும் நம் வீட்டுப் பெண்கள், டொக்கின் வயரையும் சேர்த்துக் கழற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.)

இன்னொரு மர்மம், இரண்டு வரைகலைச் சில்லுகள் உள்ள மடிக்கணினிகள். யூ.எஸ்.பி. சி வாயில் எந்தச் சில்லோடு பொருத்தப்பட்டிருக்கிறது என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும். கேமை என்விடியா சில்லு வரைந்து, வாயில் இன்டெல் சில்லோடு இருந்தால், ஒவ்வொரு படத்தையும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிரதி எடுத்த பிறகே வெளியே அனுப்ப முடியும். எத்தனை ஆயிரம் ரூபாவுக்கு டொக் வாங்கினாலும் இது மாறாது. சில கணினிகளில் எச்.டி.எம்.ஐ. வாயில் மட்டும் என்விடியாவோடு நேராக இருக்கும். அப்படியானால் விளையாட்டுக்கு அந்த வாயில்தான்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, டொக் விற்பவர்கள் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தாமதத்தைக் குறைக்கும் டொக் என்று உலகில் ஒன்றும் இல்லை. மிகச் சிறந்த டொக் செய்யக்கூடியது, புதிதாகத் தாமதத்தைச் சேர்க்காமல் இருப்பது மட்டுமே. “லாக் இல்லாத கேமிங் டொக்” என்று பெட்டியில் எழுதுவது, “பசிக்காத தட்டு” என்று விற்பது போன்றது.

விண்டோஸ் 10 கைவிட்டதால் லினக்ஸுக்கு வந்த அந்தப் பழைய மடிக்கணினியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கவாட்டில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஒரு எச்.டி.எம்.ஐ. வாயில், இரண்டு மூன்று பழைய யூ.எஸ்.பி. வாயில்கள், அநேகமாக இணைய வயருக்கு ஒன்று. யூ.எஸ்.பி. சி இருக்காது, இருந்தாலும் படம் அனுப்பாததாக இருக்கலாம். ஆகவே அதற்கு விற்கக்கூடிய டொக் சுற்றுவழி டொக் மட்டும்தான். அதாவது, எந்தக் கணினியின் பலவீனமான செயலிக்கு மேற்கொண்டு சுமை ஏற்றக் கூடாதோ, அதே கணினியின் தலையில்தான் அதைக் கட்டுகிறார்கள்! அதற்குத் தேவை ஓர் எச்.டி.எம்.ஐ. வயரும், மவுஸ், விசைப்பலகைக்கு ஒரு சிறிய யூ.எஸ்.பி. ஹப்பும். படம் வரைகலைச் சில்லிலிருந்து நேரே போகும். செலவு டொக்கின் விலையில் சிறு பங்கு. இதைச் சொல்லும் கடைக்காரர் ஒருவரைக் கண்டால் அவருக்குப் பொன்னாடை போர்த்த நான் தயார்.

இணையத் தாமதம் வேறு கதை. எங்கள் ஊர்ப் பையன்கள் பெரும்பாலும் சிங்கப்பூர் சேர்வரில் விளையாடுகிறார்கள். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,700 கிலோமீற்றர் அளவு. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் போகும். போய்வர மட்டும் 27 மில்லி செக்கன். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் அதற்கும் கூட. இதை எந்தப் பெட்டியாலும் குறைக்க முடியாது. வீட்டில் 4ஜி ரௌட்டர் என்றால் ஏற்ற இறக்கமும் சேர்ந்துகொள்ளும். டொக்கில் உள்ள இணைய வாயில்களுக்குப் பரவலாகப் பயன்படும் ரியல்டெக் சில்லுக்கான இயக்கி லினக்ஸ் கேர்னலுக்குள்ளேயே பல ஆண்டுகளாக இருக்கிறது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் டொக்கிலிருந்து ரௌட்டர் வரை வயர் போட்டுவிட்டு, ரௌட்டருக்கு அப்பால் வானத்தை நம்பியிருப்பவரின் தாமதம், மழை பெய்தால் கூடத்தான் செய்யும்.

அத்துடன், வலோரண்ட், ஃபோர்ட்நைட் இரண்டையும் லினக்ஸில் விளையாட முடியாது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை அதன் உரிமையாளர்கள் அங்கே அனுமதிக்கவில்லை. 2024-இல் லீக் ஒஃப் லெஜன்ட்ஸும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டும் லினக்ஸுக்கென்றே வெளிவருகின்றன. எந்தக் கேமுக்காக வாங்குகிறோம் என்பதை டொக்குக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

கடைக்காரரை மட்டும் குற்றம் சாட்டினால் அது அரைகுறை நியாயம். தமிழில் தொழில்நுட்பம் எழுதுகிற நம்மவர்கள் செய்வது என்ன? அமெரிக்க விற்பனைப் பட்டியலை எடுத்து, “தலைசிறந்த பத்து” என்று தலைப்பிட்டு மொழிபெயர்க்கிறார்கள். பத்திலும் எத்தனை வாயில் என்று எண்ணிச் சொல்கிறார்கள். படம் எந்த வழியாகப் போகிறது என்று ஒன்றில்கூட இல்லை. பொருளைக் கையில் எடுத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். செய்தி ஆசிரியராக இருந்த காலத்தில் இப்படி ஒரு பிரதி என் மேசைக்கு வந்திருந்தால் அது குப்பைக் கூடைக்குத்தான் போயிருக்கும்.

லினக்ஸ் அன்பர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. பையன் ஒருவன் “படம் வரவில்லை” என்று வந்தால், “கேர்னல் பதிப்பு என்ன? பதிகோப்பை ஒட்டு. அதை நீயே கம்பைல் பண்ணலாமே” என்று ஒரு பரீட்சை வைக்கிறார்கள். தவறு அவனுடையதாகிவிடுகிறது. வன்பொருள் விற்றவன் தப்பித்துவிடுகிறான். 2004 சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டின் நிரலாளர்கள் ஒன்றுகூடி ‘சஹானா’ என்ற திறமூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை எழுதினார்கள். 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010-இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. உலகுக்கே மென்பொருள் கொடுத்த அந்த மரபுக்கு வாரிசு என்று சொல்லிக்கொள்பவர்கள், கலேவெலவில் ஒரு பிள்ளைக்கு “இந்தப் பெட்டியை வாங்காதே” என்று எளிய தமிழில் ஒரு வரி எழுதக் கூடாதா?

“இதையெல்லாம் அச்சிட்டால் யாருக்கு விளங்கும்? வாங்க வந்தவரும் ஓடிவிடுவார்” என்பது வியாபாரிகள் தரப்பு வாதம். பால்மாப் பெட்டியில் கொழுப்பின் அளவு அச்சிடப்பட்டிருக்கிறது, எல்லோரும் படிப்பதில்லை. தேவைப்படும் நோயாளி படிக்கிறார். மருந்துச் சீட்டையும் அப்படியே. பாவனையாளருக்கு விளங்காது என்று விற்பவரே தீர்மானித்து விடயத்தை ஒளிப்பதைக் கருணை என்று கொள்ள முடியாது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருட்களின் லேபல் தொடர்பில் உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும் பணிப்புரை விடுக்க அதிகாரசபைக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அரிசிக்கும் முட்டைக்கும் ஓடித்திரியும் அதிகாரிகள், இலத்திரனியல் பொருட்களின் பக்கமும் ஒரு தடவை வரட்டும். நான் கேட்பது மிகக் கொஞ்சம். படம் நேர்வழியா, சுற்றுவழியா. எத்தனை புள்ளிக்கு எத்தனை ஹேர்ட்ஸ். மடிக்கணினிக்கு உண்மையில் போய்ச் சேரும் வாட் எத்தனை. “லினக்ஸ்” என்று போடுவதானால், தனி இயக்கி வேண்டுமா வேண்டாமா என்பதும், டொக்கின் உள்மென்பொருளை லினக்ஸிலிருந்தே புதுப்பிக்க முடியுமா என்பதும். பின்னது நடக்காத காரியமன்று. டெல், லெனோவோ போன்றவை தம் டொக்குகள் பலவற்றுக்கு ‘எஃப்டபிள்யூஅப்டி’ என்ற நிரல் வழியாக அதைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. வேறு பல பெட்டிகளுக்கோ, புதுப்பிக்க ஒரு விண்டோஸ் கணினியைக் கடன் வாங்க வேண்டும்.

அதிகாரசபை விழிக்கும் வரை, வாங்கப் போகிறவர் ஒரு பென்டிரைவில் உபுண்டுவையோ ஃபெடோராவையோ நிறுவாமலே இயங்கும்படி எழுதிக்கொண்டு, தம் சொந்த மடிக்கணினியோடு கடைக்குப் போகட்டும். அந்த பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, புதிதாக எதையும் நிறுவாமல் டொக்கை மாட்டட்டும். திரையில் படம் வந்தால் நேர்வழி, விலை பேசலாம். வராவிட்டால் டொக் சுற்றுவழியாக இருக்க வேண்டும், அல்லது கணினியின் வாயில் படம் அனுப்பாததாக இருக்க வேண்டும்; எதுவானாலும் அந்தப் பொருள் அவருக்கு உதவாது. சந்தேகம் இருந்தால் முனையத்தில் ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்க்கலாம். பட்டியலில் டிஸ்பிளேலிங்க் என்ற பெயரோ, 17இ9 என்று தொடங்கும் எண்ணோ தெரிந்தால் அது சுற்றுவழிதான். ஐந்து நிமிட வேலை. பெட்டியைத் திறக்க மறுக்கும் கடையில், “இந்தக் கணினியில் இயக்கி இல்லாமல் படம் வராவிட்டால் மாற்றித் தரப்படும்” என்று பற்றுச்சீட்டில் கையெழுத்தோடு எழுதிக் கேளுங்கள். எழுதித் தராதவரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை; அதே தெருவில் எச்.டி.எம்.ஐ. வயர் விற்கும் கடை ஒன்று கட்டாயம் இருக்கும்.